தொட்டிலுக்குக் கீழே ஒரு ஜாடி

கம்பெனி குடியிருப்பு,
ஆலங்குளம் வழி.
6-1-1964

அன்புள்ள கனகத்துக்கு,

நீயும் பாப்பாவும் சுகமாயிருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. நான் சுகம். இதைப் படித்ததும் நீ உதட்டைச் சுழிப்பாய். "இவருக்கு என்றைக்குச் சுகமில்லாமல் போயிருக்கிறது" என்பாய். என்ன செய்ய, உண்மையிலேயே சுகமாகத்தான் இருக்கிறேன்.

பெரிய செய்தி ஒன்று. கம்பெனியில் எனக்கு வீடு ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு அறை, ஒரு அடுப்படி, சிமெண்டுத் தரை, வாசலில் தண்ணீர்க் குழாய். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது கனகம். சிவகாசியில் ஒரு குடம் தண்ணீருக்கு நீ வரிசையில் நின்றதை நினைத்துக்கொண்டு, முதல் நாள் வேலையில்லாமல் நாலு தடவை திருகித் திருகிப் பார்த்தேன். முன் அறையில் உத்தரத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. தொட்டில் கட்ட அளவெடுத்து வைத்ததுபோல இருக்கிறது.

அத்தை உன்னிடம், "மாப்பிளைக்கு அங்கன என்ன சோலி?" என்று கேட்டார்களாமே. தூசியை நிறுக்கிற சோலி என்று சொல். சிரித்தால் சிரிக்கட்டும். இங்கே சுண்ணாம்புக்கல்லை உடைத்துச் சூளையில் சுடுகிறார்கள். இரண்டாவது சூளை கட்ட அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. அதைக் கட்டி எழுப்புவதற்குள், சுற்று வட்டாரத்தில் எவ்வளவு தூசி விழுகிறது என்ற கணக்கு வேண்டும் என்று கல்கத்தா தலைமை ஆபீஸ் இஞ்சினியர் கேட்டிருக்கிறார். அதற்காகச் சுற்றியுள்ள ஊர்க் கூரைகளில் வாய் அகன்ற கண்ணாடி ஜாடிகளை வைத்திருக்கிறேன். வானத்திலிருந்து விழுவதெல்லாம் அதில் விழும். மாதம் ஒரு தடவை இறக்கி, வடிகட்டி, காயவைத்து, தராசில் நிறுத்து எழுதி அனுப்புவேன். தீப்பெட்டி ஆபீஸில் மருந்து நிறுத்த கை இப்போது தூசி நிறுக்கிறது, அவ்வளவுதான்.

பிரசவத்துக்குப் போனவள் மூன்றாம் மாதம் திரும்புவது உலக வழக்கம். பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆகிறது. எப்போது கூப்பிட வரட்டும்?

உன்,
பால்துரை


திருத்தங்கல்
11-1-1964

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். பால் குடித்ததும் ஏப்பம் விடாமல் தூங்க மாட்டாள். பிடிவாதம் உங்கள் வீட்டுச் சொத்து. நான் சுகமாக இருக்கிறேன். முதுகு மட்டும் வலிக்கிறது. பார்த்தீர்களா, வலித்தால் வலிக்கிறது என்று எழுதலாம். எழுதினால் கை ஒன்றும் அற்றுப் போகாது.

குழாய் சரி. கொக்கி சரி. தூசியை நிறுக்கிற வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் எவ்வளவு தூசி விழும் என்று எழுதவில்லையே. எழுத மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வாயில் கெட்ட செய்தி வரவே வராது.

அத்தான், இதை எழுத வேண்டாம் என்று எவ்வளவோ நினைத்தேன். நம் மூத்தவன் தானியேலுக்கு மூச்சு இழுத்தபோது, பிள்ளை இனித் தேறாது என்று டாக்டரம்மா உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நீங்கள் வந்து என்னிடம் என்ன சொன்னீர்கள்? "ஒண்ணுமில்ல கனகம், சளிதான். ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றீர்கள். நான் நர்ஸ். அந்த மூச்சின் சத்தம் எனக்குத் தெரியாததா? தெரிந்தும், உங்கள் வார்த்தையை நம்ப ஆசையாக இருந்தது. அவனை மடியிலிருந்து இறக்கி உங்களிடம் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போனேன். அவன் போன நேரத்தில் நான் வேறு ஒருத்தியின் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனசு நோகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னீர்கள் என்று தெரியும். அதனால்தான் உங்களை வெறுக்கவும் முடியவில்லை. ஆனால் நீங்கள் "நல்லாயிருக்கு" என்று சொன்னால் அதை நம்பி இன்னொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்று செய்யுங்கள். அந்தக் கொக்கிக்கு நேர் கீழே, பாப்பாவின் முகம் வருகிற இடத்தில், உங்கள் ஜாடி ஒன்றை வையுங்கள். ஒரு மாதம் இருக்கட்டும். கல்கத்தாக்காரருக்கு நிறுத்துச் சொல்வதுபோல எனக்கும் நிறுத்துச் சொல்லுங்கள். அதுவரை கூப்பிட வராதீர்கள். சும்மா பார்க்கவும் வராதீர்கள். வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்து நம்பிவிடுவேன்.

கனகமணி


கம்பெனி குடியிருப்பு
12-2-1964

அன்புள்ள கனகத்துக்கு,

தானியேலைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுதப் பல நாள் உட்கார்ந்து, எழுந்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு தாமதம்.

நீ சொன்னபடியே ஜாடி வைத்தேன். முக்காலி மேல் பலகை போட்டு, கொக்கிக்கு நேர் கீழே. பக்கத்து வீட்டுச் சின்னத்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன அண்ணாச்சி, பிள்ளையைக் கொண்டாரதுக்கு முந்தி சட்டிக்குத் தாலாட்டா?" என்று கேட்டாள். அவள் எம். புதுப்பட்டிக்காரி. பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தவள். புருஷன் கோட்டைச்சாமி இங்கே கல்லுடைக்கிறான் என்று குடும்பத்தோடு வந்துவிட்டாள். சின்னச் சின்னதாக மூன்று பிள்ளைகள். நான் ஜாடி பார்க்கச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்விடுவதால், வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கும். பெருக்கித் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவாள். மாதாமாதம் ஏதோ கொடுக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாதம் முடிந்து ஜாடியை எடுத்தேன். கனகம், அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். பொய் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய் என்று இரண்டு தடவை நிறுத்தேன். எங்கள் ஜாடிகளில் எப்போதும் குறைவாக விழுவது, சூளைக்கு வடக்கே முத்துக்கருப்பன் என்கிற விவசாயியின் கூரையில் இருப்பது. வாடைக் காற்றானாலும் மேல் காற்றானாலும் தூசி அந்தப் பக்கம் போகாது. நம் வீட்டு ஜாடியில் அதைவிடவும் குறைவு. கூரைக்குக் கீழே இருப்பதால் இருக்கும். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இது என் வாய் சொன்னது இல்லை, தராசு சொன்னது.

வந்துவிடு. இரண்டு அறையில் ஒற்றை ஆளாகப் புழங்குவது கஷ்டமாக இருக்கிறது. இப்போது உண்மையைத்தான் எழுதுகிறேன்: எனக்குச் சுகமில்லை. நீ இல்லாமல் இருப்பு கொள்ளவில்லை.

உன்,
பால்துரை


திருத்தங்கல்
17-2-1964

அன்புள்ள அத்தான்,

தாளைப் பார்த்தேன். அம்மாவிடமும் காட்டினேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மாப்பிள்ளை கணக்கா எளுதியிருக்காக" என்றார்கள்.

வருகிறேன். மிஷன் ஆஸ்பத்திரிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி வேலைக்கு வர முடியாது இல்லையா? "நல்லா யோசிச்சியா கனகமணி?" என்று மிஸ்ஸியம்மா கேட்டார்கள். தராசே சொல்லிவிட்டது என்று சொன்னேன். அவர்களுக்கும் புரியவில்லை. மாற்று ஆள் வரும்வரை பிரசவ வார்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்டர் முடிந்ததும் புறப்படலாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை இன்னொரு தடவை வாங்கிப் படித்தேன். ஆறு வருஷ வேலை. பரவாயில்லை. பாப்பாவுக்கு அப்பா முகம் மறந்துவிடும்போல இருக்கிறது. உங்கள் போட்டோவைக் காட்டினால் அதை நக்குகிறாள்.

தொட்டிலுக்கு என் கல்யாணச் சேலைதான். அது கனமான பட்டு, உறுத்தும் என்கிறார்கள் அம்மா. உறுத்தினால் உறுத்தட்டும், அவளும் பட்டில் தூங்கிப் பார்க்கட்டும்.

உங்கள்,
கனகம்


கம்பெனி குடியிருப்பு
13-3-1964

கனகம்,

கெட்ட செய்தி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நான் அனுப்பிய கணக்கு தப்பு. இந்த வீட்டுக்கு வராதே.

நடந்தது இதுதான். மூன்று நாளைக்கு முன் காய்ச்சல் என்று வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பினேன். கதவு திறந்திருந்தது. சின்னத்தாய், கொக்கிக்குக் கீழே நான் திரும்ப வைத்திருந்த ஜாடியைக் குழாயடியில் வைத்து, நார் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "என்ன தாயி பண்ணுத?" என்றேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "தினமும் களுவித்தான அண்ணாச்சி வைக்கேன். பட்டாசு ஆபீஸ்ல சாயங்காலம் ஆச்சுன்னா ஒரு பொட்டுத் தூசி கிடக்கப்படாது. தண்ணி விட்டுக் களுவிட்டுத்தான் ரூமைச் சாத்தணும். தூசியோட ஒரு ஏனம் பாத்திரத்தை விட்டுட்டு வந்தா எனக்கு உறக்கம் வராது."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அங்கே தூசியைக் கழுவாமல் விட்டால் உயிர் போகும். அந்தப் பயத்தில் பழகிய கை அது. கூரை மேல் இருக்கிற ஜாடிகள் அவள் கைக்கு எட்டாது. அந்தக் கணக்கெல்லாம் சரி. எட்டியது நம் வீட்டு ஜாடி ஒன்றுதான். மாதம் முழுக்க விழுந்தது என்று நான் நிறுத்தது, கடைசி ஒரே ஒரு நாள் தூசி. ஜாடி அவ்வளவு பளபளவென்று இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.

அன்றைக்கே வேறு ஜாடி வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இன்று எடுத்து நிறுத்தேன். மூன்று நாள் தூசியே போன மாதக் கணக்கைப்போல மூன்று பங்கு இருக்கிறது. வெள்ளையாக, கோலமாவுபோல, பலகை மேலும் படிந்திருக்கிறது. வாடைக் காற்று சூளையிலிருந்து நேராகக் குடியிருப்பின் மேல்தான் வருகிறது. இரண்டாவது சூளையும் எரியத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ ராஜினாமா கொடுத்துவிட்டாய். ஈஸ்டர் முடிந்ததும் வரத் தயாராக இருக்கிறாய். இதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு இந்த மூன்று நாளில் எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஜன்னலைச் சாத்தி வைத்தால் போதாதா, ஈரத்துணி கட்டினால் போதாதா என்றெல்லாம் மனசு வக்காலத்து வாங்கியது. நாக்கு நுனியில் அதே "ஒண்ணுமில்ல கனகம்" வந்து நின்றது.

வராதே. பாப்பாவைத் திருத்தங்கலிலேயே வைத்துக்கொள். நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பால்துரை


திருத்தங்கல்
17-3-1964

அன்புள்ள அத்தான்,

படித்துவிட்டு முதலில் அழுதேன். மூட்டை கட்டியதை அவிழ்க்கும்போது அம்மாவும் அழுதார்கள். பாப்பா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்ன.

பிறகு இன்னொரு தடவை படித்தேன். நாம் கல்யாணம் முடித்து ஐந்து வருஷமாகிறது. உங்களிடமிருந்து எனக்கு வந்த முதல் கெட்ட செய்தி இது. மூன்று நாள் தாமதித்துத்தான் வந்திருக்கிறது, இருக்கட்டும். உங்களுக்கு மூன்று நாள் என்பது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் அதை எழுதிய சிரமம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

காய்ச்சல் விட்டதா? விடாமலே "விட்டது" என்று எழுத வேண்டாம்.

ஒரு கேள்வி அத்தான். சின்னத்தாய்க்கு மூன்று சின்னப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர்தானே? எனக்கு "வராதே" என்று எழுதினீர்கள். அவளிடம் என்ன சொன்னீர்கள்?

கனகம்


ஆலங்குளம் வழி
26-3-1964

அன்புள்ள கனகத்துக்கு,

சொல்லவில்லை. ஜாடியைத் தொடாதே என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகும் உடனே சொல்லவில்லை. அவள் பிள்ளைகள் வாசலில் அந்த வெள்ளைத் தூசியிலேயே விரலால் வண்டி வரைந்து விளையாடுகிறார்கள். அவர்களைத் தாண்டித்தான் தினமும் போனேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போது, ஆண்டவரே உன் கேள்வியைக் கேட்பதுபோல இருந்தது. திரும்பி வந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

ஜாடியைக் காட்டி, எடையையும் சொன்னேன். கோட்டைச்சாமி முதலில் சிரித்தான். "சுண்ணாம்பு தான அண்ணாச்சி? வெத்தலைக்குப் போடுதோம், சுவத்துக்குப் பூசுதோம். இது என்ன செய்யும்?" என்றான். சின்னத்தாய் சிரிக்கவில்லை. ஜாடியை வாங்கி, விரலால் தொட்டு, மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அக்காளும் பிள்ளையும் வாரதுக்கு நாள் குறிச்சாச்சுன்னீகளே, அண்ணாச்சி?"

"வர வேண்டாம்னு எழுதிட்டேன் தாயி."

"இதுக்காகவா?"

"ஆமா. எங்க மூத்த பிள்ளை மூச்சு இழுத்துத்தான் போனான்."

அவள் ஜாடியை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "உங்க பிள்ளைக்கு ஆகாத வீடு எம் பிள்ளைகளுக்கு எப்படி ஆகும்? எம்புட்டு நாளாத் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள். கனகம், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீ என்னிடம் கேட்க வேண்டியதை அவள் கேட்டதுபோல இருந்தது.

அன்று ராத்திரியே அவள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மானேஜர் ரத்தினசாமி ஆபீஸ் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கோட்டைச்சாமியும் மற்ற ஆண்களும் அன்று கல் உடைக்கப் போகவில்லை. மானேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏலே பால்துரை, ஒன் சோலி தூசியை நிறுக்கிறதா, ஊரெல்லாம் பரப்புறதா?" என்றார். நான் நிறுத்ததைத்தான் சொன்னேன் என்றேன். வீட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்துவிட்டேன். வேலையையும் பிடுங்கியிருப்பார், கல்கத்தாவுக்குக் கணக்குப் போக வேண்டியிருப்பதால் விட்டு வைத்திருக்கிறார். கணக்கு முடிந்த பிறகு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

பிள்ளைக்காரக் குடும்பங்களை இப்போதைக்கு வடக்கே உள்ள சாமான் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்கள். தகரக் கூரை, வெயிலில் வேகும். இருந்தாலும் தூசி இல்லை. அங்கே வீடு கட்டித் தரச் சொல்லிக் கல்கத்தாவுக்கு எழுதுவதாக மானேஜர் சொல்லியிருக்கிறார். எழுதுவாரா, தெரியாது. சின்னத்தாய் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நான் இப்போது முத்துக்கருப்பன் வீட்டில் இருக்கிறேன். ஒரு அறை கொடுத்திருக்கிறார். காற்று மட்டும்தான் நல்லது. மற்றதையும் சொல்லிவிடுகிறேன். மண் தரை. கூரை ஒரு மூலையில் ஒழுகும். குழாய் கிடையாது, கிணறு தூரம். கரண்டு கிடையாது. பக்கத்திலேயே ஆட்டுக் கிடை, மழை பெய்தால் நாற்றம் தாங்காது. சுற்று வட்டாரத்தில் ஆஸ்பத்திரி இல்லை. எனக்குக் காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. நாளைக்குப் பெரிய வெள்ளி. எழுதியதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

வா என்று சொல்ல வாய் வரவில்லை. வராதே என்றும் சொல்ல முடியவில்லை. நீயே சொல்.

பால்துரை


திருத்தங்கல்
31-3-1964

அன்புள்ள அத்தான்,

ஈஸ்டர் ஆராதனைக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பாட்டுச் சத்தத்துக்குப் பயப்படாமல் அவளும் கூடவே கத்தினாள். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒழுகும் கூரை, ஆட்டுக் கிடை, தூரத்துக் கிணறு என்று நான் வாசிக்க வாசிக்க அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "பொண்டாட்டியைக் கூப்பிட எந்தப் புருஷன் இப்படி எளுதுவான்?" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

வருகிறோம் அத்தான். சனிக்கிழமை காலைப் பஸ்ஸுக்கு ஆலங்குளத்தில் நில்லுங்கள்.

ஆஸ்பத்திரி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நர்ஸ் வருகிறாள், போதாதா? மிஸ்ஸியம்மா ஒரு பெட்டியில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். முதலில் உங்கள் இருமலைப் பார்க்கிறேன். அப்புறம் சின்னத்தாயின் பிள்ளைகளின் நெஞ்சைப் பார்க்க வேண்டும். அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஒன்றை எழுதியே தீர வேண்டும். சின்னத்தாயிடம் தானியேலைப் பற்றிச் சொன்னீர்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவன் போன பிறகு உங்கள் வாயிலிருந்து அவனைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. நான் அழுதால் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பீர்கள், விளக்கைத் திருத்துவீர்கள், "சரியாயிரும்" என்பீர்கள். அவன் எனக்கு மட்டும்தான் பிள்ளையாக இருந்தானோ என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தோடுதான் அம்மா வீட்டுக்கு வந்தேன். தூசியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அவன் கடைசி நேரத்தில் உங்கள் மடியில் இருந்தான். எப்படி இருந்தான், யாரைத் தேடினான் என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் நல்லதாக ஒன்றைச் சொல்லிவிடுவீர்கள் என்று பயந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. சனிக்கிழமை பாப்பா தூங்கிய பிறகு, நடந்தது நடந்தபடி எனக்குச் சொல்லுங்கள். என்னைத் தேற்ற வேண்டாம். அழுகை வந்தால் நீங்களும் அழுங்கள்.

உங்கள்,
கனகம்